குற்றால முகாமில் ஓர் இடது பெருவிரல்

என் முன்னால் இருக்கும் கடிதத்தில் இட்டிருக்கும் தேதி வெகுதானிய வருஷம் ஆனி 22. அது கொழும்பில் எங்கள் வளவுக்கு வந்து சேர்ந்தது ஆனி 29. வழக்கமாக நாலு நாளில் வரும் தபால் ஏழு நாள் எடுத்ததற்குக் காரணம் தெரியவில்லை. உறை பிரித்து ஒட்டியதுபோல் இருந்தது. ஆனால் மழைக்காலத்தில் எல்லா உறையும் அப்படித்தான் இருக்கும். கடிதம் இது:

"தம்பி சுடலைமுத்துவுக்கு அண்ணன் மாடசாமி எழுதிக்கொண்டது. இங்கு சகலரும் சேமம். ரேகைச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுக்க நம்மூரில் பன்னிரண்டு பேர் பெயர் மேலே போயிருக்கிறது. அதில் என் பெயரும் உன் பெயரும் உண்டு. ஆடி 14ஆம் தேதி குற்றாலத்தில் டிப்டி கலெக்டர் அவர்கள் முகாம். பேர் கண்ட எல்லோரும் நேரில் நிற்க வேண்டும். இத்தனை நாள் நான் இரண்டு பேராக இருந்துவிட்டேன். ஒரே சமயத்தில் இரண்டு பேராக நிற்க முடியாது. ஆகையால் நீ வந்து சேரவும்."

சுடலைமுத்து எங்கள் வளவின் பின்னறையில் குடியிருப்பவர். அரிசி மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் மேஸ்திரி. நான் யாழ்ப்பாணத்தான், கொழும்பில் சிறைச்சாலை அலுவலகம் ஒன்றில், கைதிகளின் கைரேகைகளை வகைப்படுத்தும் பகுதியில் எழுத்தர் வேலை. கடிதத்தை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். என் முழங்கால் வாதத்துக்கு அருவிக் குளியல் நல்லது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். எனக்கு ஒரு மாத விடுமுறையும் பாக்கி இருந்தது. "கூட வாங்கய்யா. டிப்டி என்ன கேப்பாரோ, எனக்கு இங்கிலீசும் தெரியாது" என்றார். புறப்பட்டோம்.

இந்தச் சட்டத்தை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. சென்னை மாகாணத்தில் சில சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று சர்க்கார் அறிவித்திருக்கிறது. அந்தச் சாதியில் வயது வந்த ஆண்கள் பதிவேட்டில் ரேகை வைக்க வேண்டும். பிறகு வாரந்தோறும் ஊர்ச் சாவடியில் போலீஸ் ஏட்டு முன் வந்து மறுபடியும் வைக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். திருடியிருக்க வேண்டியதில்லை, பிறந்திருந்தால் போதும். கொழும்பில் நான் பார்க்கும் ரேகைகள் தண்டனை பெற்றவர்களுடையவை. இங்கே தண்டனை முதலில் வந்துவிடுகிறது. சாதியின் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதப்போவதில்லை. சட்டம் எழுதியது போதும்.

சுடலைமுத்து ஊரில் பதிவு நடப்பதற்கு முந்தின வருஷமே கொழும்புக்கு வந்துவிட்டார். பதிவு எடுக்க வந்தவர்களிடம் ஓர் ஆள் குறைகிறது என்றால் ஒளித்துவைத்ததாக வழக்கு வரும் என்று பயந்து, மாடசாமி தம்பிக்கும் சேர்த்து ரேகை வைத்துவிட்டார். அன்று தொடங்கியது பத்து வருஷம் நடந்தது. ஊரில் ஒரு சுடலைமுத்து இருந்துகொண்டே இருந்ததால் இன்னொரு சுடலைமுத்து ஊருக்குப் போக முடியவில்லை. தாயார் இறந்தபோதும் போகவில்லை. அன்றைக்கும் சாவடியில் அவர் பெயருக்கு நேரே ரேகை இருக்கிறதாம்.

ஆடி 11. தென்காசி. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் முகத்தில் சாரல். மழை என்று குடை பிடித்தால் நனையவில்லை, மடக்கினால் நனைகிறது. மேற்கே மலை இருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு மேகம்தான் தெரிந்தது. கோயில் கோபுரம் உச்சி இல்லாமல் மொட்டையாக நின்றது. இடி விழுந்தது என்றார் ஒருவர், தீப்பிடித்தது என்றார் இன்னொருவர், இருவரும் வருஷம் சொல்லவில்லை.

மாடசாமி கோயில் வாசலில் காத்திருந்தார். அண்ணனும் தம்பியும் பத்து வருஷத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்கிறார்கள். அழுவார்கள் என்று எண்ணி நான் சற்று விலகி நின்றேன்.

"என்னலே, இப்படிப் பெருத்துட்ட?" என்றார் அண்ணன்.

"நீதான் என் பங்குக்கும் சேத்து இங்கன நடந்தியே. நான் அங்கன உக்காந்து தின்னேன்" என்றார் தம்பி.

அவ்வளவுதான். சாப்பிடப் போனோம். சாப்பாட்டுக் கிளப்பில் அன்று சொதி என்று எழுதிப் போட்டிருந்தது. ஊர் ஞாபகம் வந்து உட்கார்ந்தேன். வந்தது வேறு. எங்கள் சொதி தேங்காய்ப்பாலும் பச்சைமிளகாயும் தேசிக்காய் என்கிற எலுமிச்சைப் புளியுமாக மெல்லியதாக இருக்கும். இடியப்பத்துக்குத் தினமும் உண்டு. இங்கே பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, இஞ்சி எல்லாம் போட்டுக் கெட்டியாக, கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடும் விருந்தாம். "தெனமும் திங்கிற ஊரா? அங்க தெனமும் கல்யாணமா?" என்றார் பரிமாறியவர்.

இரண்டாம் முறை சோறு வாங்கும்போதுதான் மாடசாமியிடம் கேட்டேன், தம்பிக்கு எந்த விரலை வைத்தீர்கள் என்று.

"எனக்கு எடது பெருவெரலு. அவனுக்கு வலது பெருவெரலு. ரெண்டுக்கும் ஒண்ணையே வச்சா கண்டுபிடிச்சிருவாவல்லா?" என்றார். தன் யோசனையில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "எல்லாரும் எடது வைக்கணும்னுதான் சட்டம். ஏட்டையா மொகத்தத் திருப்பிக்கிடுவாரு."

"முகாமில் பழைய ரேகையை ஒத்துப் பார்ப்பார்களா?"

"பாப்பாவன்னு ஏட்டையா சொல்லுதாரு. அதான் நெசமான ஆளே வந்துட்டானே. பெறவு என்ன?"

நான் இலையை மடித்தேன். நிஜமான ஆள் வந்ததுதான் சிக்கல். பதிவேட்டில் சுடலைமுத்து என்ற பெயருக்கு நேரே பத்து வருஷமாக இருப்பது மாடசாமியின் வலது பெருவிரல். சுடலைமுத்து தன் விரலை வைத்தால் சர்க்கார் கணக்கில் அவர் சுடலைமுத்து அல்லர். ஆள்மாறாட்டத்துக்கு அண்ணன் சிறைக்குப் போவார். சீட்டு இல்லாமல் ஓடிப்போனதற்குத் தம்பி. வராமல் இருந்தால் தேடப்படும் ஆள். இதை இருவருக்கும் விளக்கினேன். மாடசாமி தன் இரண்டு கட்டைவிரல்களையும் மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆடி 12. வீரகேரளம்புதூருக்கு அப்பால் இருக்கிறது அவர்கள் கிராமம். பஸ் ஒரு வாய்க்கால் பாலத்தருகே நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி முன்பக்கம் திறந்து பார்த்தார். கண்டக்டர் இறங்கி டிரைவரைப் பார்த்தார். பிறகு ஆண்கள் எல்லோரும் தள்ளினோம். உள்ளே இருந்த ஓர் ஆச்சி ஜன்னல் வழியாக, "அந்தப் பட்டுச் சால்வை அண்ணாச்சி தள்ளவே இல்ல, கைய மட்டும் வச்சுக்கிட்டு வாராரு" என்று என்னைக் காட்டிக்கொடுத்தார். உண்மைதான். முழங்கால் இடங்கொடுக்கவில்லை.

கிராமத்தில் சுடலைமுத்துவை யாரும் வரவேற்கவில்லை. அவர் போகவே இல்லை என்பது அங்கே எல்லோரும் காப்பாற்றிவந்த ஏற்பாடு. கிணற்றடியில் ஒரு பெண், "பத்து வருசத்துல நல்லா வெளுத்துட்டாரே" என்று தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தோளில் இடித்தாள். "ஏட்டி, சும்மா கெட. அவரு இங்கனதான் இருந்தாரு. நேத்துக்கூட எங்க வீட்டுக் கூரை மோட்டுக்கு ஓலை போட்டாரு."

சாவடியில் ஏட்டு இருந்தார். அவரும் அதே சாதி. சர்க்கார் உத்தியோகம் என்பதால் அவருக்கு ரேகை இல்லை. "எம் மச்சினன் மவன் பேரும் இந்தப் பொஸ்தவத்துலதான் இருக்கு. காக்கிச் சட்டையக் கழத்திட்டா என் பேரும் வந்துரும்" என்றார். சுடலைமுத்துவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன சுடல, போன வாரம் மெலிஞ்சிருந்த?" என்றார்.

பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். நான் செய்யும் வேலையைச் சொன்னதும் முதலில் தயங்கி, பிறகு மரியாதைக்காகக் காட்டினார். பூதக்கண்ணாடி என் பையில் எப்போதும் உண்டு. மை என்பது விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தது. பெரும்பாலான ரேகைகள் வெறும் கறுப்பு அப்பல். ஆனால் ஆங்காங்கே, மை குறைந்த நாட்களில், சில நன்றாக விழுந்திருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே போனபோது ஒரு விஷயம் தெரிந்தது. இந்த ஊரில் இரண்டு பேராக இருந்தவர் மாடசாமி மட்டும் அல்லர். அறுவடைக்குப் போனவனுக்கு வீட்டில் இருந்தவன். தோட்டக் காவலுக்குப் போனவனுக்கு மாமன். யார் ஊரில் இருக்கிறாரோ அவர் எல்லோருக்குமாக விரல் கொடுத்திருக்கிறார். ஒரே வாரத்தில் ஒரு கட்டைவிரலை நான் ஐந்து பெயர்களில் கண்டேன்.

ஏட்டின் முகத்தைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போவாதேன்னா எப்படிய்யா? நெல்லு இவ்வொ ரேகை வைக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்குமா?" என்றார்.

ஆடி 13. குற்றாலம். பேரருவியில் நிற்க முடியாத கூட்டம். எண்ணெய் தேய்ப்பவர் என் முழங்காலை மாவு பிசைவதுபோல் பிசைந்துவிட்டு, "இது வாதம் இல்ல, உக்காந்தே இருந்த வெனை" என்றார். வைத்தியர் இரண்டு வருஷத்தில் சொல்லாதது. தண்ணீர் தலையில் விழும்போது ஒன்றும் யோசிக்க முடிவதில்லை. எனக்கு அது புதிது. வெளியே மங்குஸ்தான் பழம் விற்றார்கள். எங்கள் களுத்துறைப் பழத்தைவிடச் சிறியது, தோல் தடிப்பு, சுவையில் குறையில்லை.

நான் தங்கிய விடுதியிலேயே சென்னைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் தங்கியிருந்தார். குற்றவியல் ஆராய்ச்சி செய்கிறவர். மண்டை அளக்கும் இடுக்கி, காது அளக்கும் கோல், கேமரா எல்லாம் ஒரு மரப்பெட்டியில். இனிமையான மனிதர்; தன் காப்பியில் பாதியை எனக்கு ஊற்றினார். மண்டை அளவில் தனக்கு நம்பிக்கை குறைந்துவருகிறது என்றார். கைதிகளுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் அளந்து பார்த்ததில் வித்தியாசம் ஒன்றும் அகப்படவில்லையாம். "நான் இப்போது நம்புவது கண்காணிப்பை. இந்த ஜில்லாவில் ஒரு கிராமம் இருக்கிறது. பத்து வருஷத்தில் ஒரு வாரம்கூட ஒருவர்கூட ரேகைக்குத் தவறியதில்லை! மனிதன் பழக்கத்தால் திருந்துகிறான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த ஊரில் பன்னிரண்டு பேருக்கு விலக்குக் கொடுக்கவேண்டும் என்று எழுதியதே நான்தான்."

அவர் சொன்ன ஊர் நான் முந்தின நாள் பார்த்த ஊர்.

"எந்தப் பள்ளிக்கூடத்திலாவது பத்து வருஷம் ஒரு பிள்ளைகூடத் தவறாமல் வந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. நானும் மங்குஸ்தானை உடைக்கத் தொடங்கினேன்.

ஆடி 14. முகாம் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஒரு பங்களாவின் முற்றத்தில் நடந்தது. கூடாரம் சாரலில் கனத்துத் தொங்கியது. பன்னிரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள். அருவிக்குப் போகிறவர்கள் ஈரத்துண்டோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். "யாரு, கூத்துக்காரங்களா?" என்று ஒருவர் கேட்டதும், "இல்லவே, கள்ளனுவளாம்" என்று இன்னொருவர் சொன்னதும் வரிசையில் இருந்த எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். யாரும் திரும்பவில்லை.

டிப்டி நம்மவர்தான்; ஆனால் இங்கிலீஷில்தான் பேசினார். அவர் பேச்சை மொழிபெயர்த்துத் தருகிறேன். ரேகை பார்க்கத் தெரிந்த போலீஸ்காரர் காய்ச்சலில் திருநெல்வேலியிலேயே நின்றுவிட்டார் என்று தெரிந்ததும் டிப்டி எரிச்சலுடன் முகாமை ஒத்திவைக்கப் போனார். அப்போது பேராசிரியர் என்னைக் காட்டி, "இவர் கொழும்பில் இதே வேலை செய்கிறவர்" என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னாரா, முந்தின நாள் கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது.

பதிவேட்டை என் முன்னால் விரித்தார்கள். சுடலைமுத்து தரையைப் பார்த்தார். மாடசாமி கைகளைக் கட்டிக் கட்டைவிரல்களை உள்ளே மறைத்துக்கொண்டார். உத்தியோகத்தில் சேர்ந்த நாள்முதல் ரேகை விஷயத்தில் நான் பொய் எழுதியதில்லை. அன்றைக்கும் பொய் தேடவில்லை. சொல்லக்கூடிய உண்மை ஏதாவது இருக்கிறதா என்று பக்கங்களைப் புரட்டினேன்.

"ஒத்துப் பார்க்கும் நிலையில் இருக்கிறதா?" என்றார் டிப்டி.

"மை சரியில்லை. எண்ணெய் அதிகம். பெரும்பாலானவை ஒத்துப் பார்க்க உதவாது" என்றேன்.

சுடலைமுத்து பெயருக்கு நேரே நாலு ரேகைகள் தெளிவாக இருந்தன. அதை டிப்டி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இதை இங்கே எழுதிவைக்கிறேன்.

டிப்டி ஏட்டிடம் திரும்பித் தமிழுக்கு மாறினார். "இவர்களை உனக்கு நேரில் தெரியுமா?"

"தெரியும் எசமான். பன்னெண்டு பேரையும் வாரா வாரம் பாக்கேன்."

"இவன்?"

"சுடலைமுத்து எசமான். ஊரவிட்டு எங்கயும் போவாத ஆளு."

பின்னால் யாரோ இருமினார்கள். டிப்டி பன்னிரண்டு பெயருக்கும் சிபாரிசு எழுதினார். காரியம் முடிந்துவிட்டது என்று நான் கண்ணாடியைப் பையில் போட்டேன். அப்போது அவர் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார்.

"நீங்கள் சொன்னது நல்லதாயிற்று. பழைய ரேகை உதவாது என்றால் புதிதாக எடுத்துவிடுவோம். பதிவேட்டில் அவரவர் பெயருக்குக் கீழேயே வையுங்கள். என் பெட்டியில் நல்ல அச்சு மை இருக்கிறது. நீங்களே எடுத்துக்கொடுத்தால் சிரமம் இல்லை. எல்லாம் சேர்ந்து சென்னை ரேகை அலுவலகத்துக்குப் போகட்டும்."

மறுக்க வழி தெரியவில்லை. கண்ணாடித் தகட்டில் மையை உருட்டினேன். முதலில் மாடசாமி. அவர் பழக்க தோஷத்தில் இடது விரலை வைத்ததும் வலது விரலையும் நீட்டினார். "ஒன்று போதும்" என்றேன்.

ஏழாவது ஆள் சுடலைமுத்து. அவர் இடது பெருவிரலில் அரிசிமூட்டைச் சாக்குத் தேய்த்த வடு இருந்தது. என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "அய்யா, கொஞ்சம் இழுத்துவிட்டா?" என்றார். ஒரு நூல் அளவு விரலை இழுத்தால் ரேகை அப்பிப்போகும். அதை நினைத்துக்கொண்டுதான் விரலைப் பிடித்தேன். ஆனால் நகத்தின் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே சீராக உருட்டி எடுக்கவே பழகிய கை அது. காகிதத்திலிருந்து தூக்கியபோது ஒவ்வொரு கோடும் தனித்தனியாக விழுந்திருந்தது. அந்தப் பதிவேட்டில் அவர் பெயருக்கு அவரே வைத்த முதல் ரேகை. அவர் ஊரில் இருக்கவில்லை என்பதற்கு அந்தப் புத்தகத்தில் இருக்கும் ஒரே நல்ல சாட்சியும் அதுதான்.

அதற்கு மேலே பத்து வருஷத்து அப்பல்கள். நடுவே அந்த நாலு. அவை சங்குபோல் சுழன்றவை. இது வில்போல் வளைந்தது. கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

பேராசிரியர் என் தோளுக்குப் பின்னால் நின்று பக்கத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மை காயட்டும் என்று அவரே ஒரு ஒற்றுத்தாளை எடுத்து அதன்மேல் வைத்தார்.

ஆடி 15. சுடலைமுத்து கொழும்புக்குத் திரும்பவில்லை. விலக்கு உத்தரவு வரும்வரை அவர் வாரந்தோறும் சாவடிக்கு வரவேண்டும். இனி அண்ணன் விரல் உதவாது. கிட்டங்கியில் அவர் வேலை எத்தனை நாள் காத்திருக்கும் என்று நான் சொல்ல முடியவில்லை. பஸ் ஏற்றிவிட இருவரும் வந்தார்கள். "எம் வெரலுக்கும் அவன் வெரலுக்கும் அம்புட்டு வித்தியாசமாய்யா? ஒரு வயித்துப் பிள்ளையதானே?" என்று மாடசாமி கேட்டார். உலகத்தில் எந்த இரண்டு விரலும் ஒத்துப்போவதில்லை என்றேன். "அப்ப எல்லாரையும் ஒண்ணாச் சேத்துக் கள்ளன்னு எப்படிச் சொல்லுதாவ?" என்றார். பஸ் புறப்பட்டுவிட்டது.

இதை எழுதுவது அதே வருஷம் கார்த்திகை 3. மாடசாமியிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. புரட்டாசியில் வந்ததில் உத்தரவு வரவில்லை என்று இருக்கிறது. ஐப்பசியில் வந்ததில் மழையைப் பற்றி மட்டும் இருக்கிறது. சுடலைமுத்துவின் அந்தப் பதிவேட்டுப் பக்கத்தைச் சென்னையில் யாராவது கண்ணாடி வைத்துப் பார்த்தார்களா, அல்லது கட்டோடு அப்படியே அடுக்கிவிட்டார்களா என்பதை நான் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.